"சோதிக்கப்பட்டது" என்று போத்தலில் ஒட்டலாமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 46 வயது. மாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாமியாரிடம் கற்றுக்கொண்ட தீபாவளி லேகியத்தைப் பல வருடமாகக் கிளறி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் கொடுத்து வந்திருக்கிறார். கோவிட் சமயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து தரப்போய், அது வாட்ஸ்அப் வியாபாரமாகிவிட்டது. இப்போது மாதம் 60 போத்தல் போகிறதாம், பாதி லேகியம், பாதி அஷ்ட சூரணம். சாமான்களை மதுரையில் இருக்கும் தம்பி நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, அங்கேயே மில்லில் அரைத்து, சிங்கப்பூர் வருபவர்களிடம் கொடுத்தனுப்புகிறார்.

ஒரு வாடிக்கையாளர், "லேப் ரிப்போர்ட் இருக்கா அக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவர் தம்பியிடம் சொல்ல, தம்பி அங்கே ஒரு சோதனைக்கூடத்தில் 100 கிராம் சூரணம் கொடுத்து அறிக்கை வாங்கி அனுப்பிவிட்டார். ஈயம் 3.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாதரசம் 0.8, ஆர்செனிக் 0.9, காட்மியம் 0.1, மொத்தச் சாம்பல் 16 சதவீதம். மூலப்பொருள்களின் அடையாளம் சரி. கடைசியில் "வரம்புக்குள் உள்ளது" என்று ஒரு முத்திரை.

வாசகியின் கேள்விகள் இவை. இனி எல்லாப் போத்தலிலும் "ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது" என்று ஒட்டலாமா? சாம்பல் 16 சதவீதம் என்றால் எதையாவது கலந்துவிட்டார்களா? இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் 72 வயது அப்பாவுக்கு ஒரு வாடிக்கையாளர் வாங்கிப்போகிறார், கொடுக்கலாமா? பிள்ளை பெற்ற ஒரு பெண் மூன்று மாதமாகத் தினமும் லேகியம் சாப்பிடுகிறார், பரவாயில்லையா? இரண்டு போத்தலில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது, மேலாக வழித்தெடுத்துவிட்டு மறுபடி கிளறி வைத்திருக்கிறார், அதை விற்கலாமா? "அல்சர், சர்க்கரை குணமாகும்" என்று போடச் சொல்கிறார்கள் தோழிகள், போடலாமா? "நம்ம மருந்துக்கு இங்கே லைசென்ஸே கேக்கறதில்ல, நீ ஏன் பயப்படறே" என்கிறாராம் கணவர்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். அறிக்கை கையில் வந்ததும் "பாஸ்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் உட்கார்ந்து எண்களைப் படித்திருக்கிறீர்கள். ஆனால் பயப்பட வேண்டாத எண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள், பயப்பட வேண்டிய எண்ணைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் மருந்தாளுநர். கடைக்கு வருமுன் பல வருடம் மூலிகைப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சாம்பலும் மண்ணும்

அஷ்ட சூரணத்தில் என்னென்ன சேருகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு. எட்டும் சம எடை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், வெறும் உப்பு. எவ்வளவு எரித்தாலும் உப்பு அப்படியே சாம்பலோடு நிற்கும். மற்ற ஏழும் எரிந்தபின் தங்குவதையும் சேர்த்தால் 16 என்பது சாதாரணம். இந்த எண்ணை மட்டும் பார்த்துக் கலப்படம் என்று பயப்பட வேண்டாம்.

கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் இன்னொன்று செய்வோம். இரண்டு கிராம் பொடியைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையில் வைப்போம். சில மணி நேரத்தில் ஓம வாசனையெல்லாம் போய், வெளிறிய சாம்பல் கொஞ்சம் மிஞ்சும். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் கரைந்து கீழே போய்விடும். வடிதாளில் தங்குவதை விரலால் தொட்டால் நறநறக்கும். அது மண். சீரகத்தோடு களத்திலிருந்து வந்தது, சுக்கைக் கழுவாமல் காயவைத்ததில் ஒட்டிக்கொண்டது, சமயத்தில் எடைக்காகவே சேர்த்தது. அமிலத்தில் கரையாத சாம்பல் என்று அதற்குப் பெயர். உங்கள் அறிக்கையில் அந்த வரியே இல்லை. தம்பி கேட்கவில்லை, அவர்களும் செய்யவில்லை. சோதனைக்கூடம் ஜோசியர் இல்லை, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

"அடையாளம் சரி" என்பதும் அப்படித்தான். பொடியின் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியாக வைத்து ஏறவிட்டு, சுக்குக்குரிய நிறப்பட்டை தெரிகிறதா, மிளகுக்குரிய பட்டை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் மிளகு இருக்கிறது என்று அர்த்தம். மிளகோடு பப்பாளி விதையும் சேர்த்து அரைத்திருந்தாலும் மிளகின் பட்டை தெரியத்தானே செய்யும்? அரைத்த பொடியில் அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது மிளகுக்குக் காரம் தரும் பிப்பரின் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அரைக்காத முழு மிளகாக இருந்தால் இவ்வளவு வேலை இல்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். பொடியாக வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

தேறிய ஈயம், தேறாத பாதரசம்

இந்தியாவில் ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கு ஈயம் 10, காட்மியம் 0.3, ஆர்செனிக் 3, பாதரசம் 1 பிபிஎம் வரை அனுமதி. ஆசியான் நாடுகள் பாரம்பரிய மருந்துகளுக்கு ஒப்புக்கொண்டிருக்கும் வரம்பில் ஈயமும் காட்மியமும் அதே அளவுதான். ஆர்செனிக் 5 வரை விடுகிறார்கள். பாதரசம் மட்டும் 0.5. இங்கே சிங்கப்பூரிலும் பாதரசத்துக்கு அதே 0.5தான். உங்கள் சூரணத்தில் 0.8 இருக்கிறது. மதுரையில் தேறிய அதே பொடி, சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் தோற்றுவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் தொகுதியை நீங்கள் இங்கே விற்கக் கூடாது.

சுக்கிலும் மிளகிலும் பாதரசம் எங்கிருந்து வந்தது? உங்கள் தம்பி அரைக்கும் மில்லில் வேறு என்ன அரைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதரசம் போன்ற உலோகங்களைச் சேர்த்துப் பற்பம், செந்தூரம் என்ற சித்த மருந்துகள் செய்பவர்களுக்கும் அதே இயந்திரத்தில் அரைத்துக் கொடுத்தால், முந்தின ஆளின் மருந்து கொஞ்சம் உங்கள் பொடியில் ஏறத்தான் செய்யும். வீட்டில் மிளகாய் அரைத்த மிக்ஸியில் ஏலக்காய் அரைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, ஆனால் நான் முதலில் விசாரிக்கிற இடம் அந்த மில்தான்.

இப்போது ஈயத்துக்கு வருவோம். 3.8 என்பது 10-க்கு ரொம்பக் கீழே, அதனால் நீங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. என்னைக் கேட்டால் இந்த அறிக்கையிலேயே கவலைப்பட வேண்டியது அந்த எண்தான்.

பிபிஎம் என்பதை வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஒரு பிபிஎம் என்றால் ஒரு கிராம் பொடியில் ஒரு மைக்ரோகிராம். அரைத் தேக்கரண்டி சூரணம், ஒன்றரை கிராம் என்று வையுங்கள். காலையும் இரவும் மோரில் கலந்து குடித்தால் நாளுக்கு மூன்று கிராம். மூன்றை 3.8-ஆல் பெருக்கினால் 11 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் ஈயம். வாய்வழி மருந்துகளுக்கு உலக அளவில் பின்பற்றும் ஐசிஎச் (மருந்துத் தரங்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பு) வழிகாட்டி ஒரு நாளைக்கு அனுமதிக்கும் ஈயம் 5 மைக்ரோகிராம். அதே வழிகாட்டி பாதரசத்துக்கு 30 மைக்ரோகிராம் வரை விடுகிறது. உங்கள் சூரணத்தில் வரும் பாதரசம் இரண்டரையைக்கூடத் தொடாது. வரம்பைத் தாண்டிய பாதரசம் உடம்புக்குச் செய்யும் கெடுதலைவிட, வரம்புக்குள் நிற்கும் ஈயம் செய்யும் கெடுதல் அதிகமாக இருக்கலாம் என்று ஆகிறது. பிபிஎம் வரம்பு பொடியைப் பற்றிச் சொல்கிறது. அதை எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எத்தனை நாள் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஈயத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு போகலாம் என்று முன்பு ஓர் அளவு வைத்திருந்தது. 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. இதற்குக் கீழே போனால் பயமில்லை என்று சொல்ல ஓர் அளவு இல்லை என்பதுதான் காரணம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும், மூளை வளர்ச்சியைத் தொடும்.

அதனால்தான் பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதிய வரி என்னை உறுத்தியது. நெல்லிக்காய் அளவு லேகியம் ஒன்பது, பத்து கிராம் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு பொடி என்று உங்கள் செய்முறையில் இருக்கிறது. லேகியப் பொடியைத் தனியாகச் சோதிக்கவில்லை, ஆனால் அதே கடை, அதே மில் என்பதால் அதே அளவு ஈயம் என்று வைத்துக்கொண்டால், தினம் ஓர் உருண்டை என்பது மறுபடி அதே 11 மைக்ரோகிராம். தீபாவளிக் காலையில் ஒரு நாள் வாயில் போட்டுக்கொள்வது வேறு, பத்தியம் என்று மூன்று மாதம் தினமும் சாப்பிடுவது வேறு. ஈயம் தாய்ப்பாலிலும் போகும். அவரிடம் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பதற வைக்க வேண்டாம். இந்த அளவில் உடனே ஏதும் ஆகிவிடாது. அடுத்து மருத்துவரைப் பார்க்கும்போது இப்படி ஒன்று மூன்று மாதம் சாப்பிட்டேன் என்று சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று கேட்கட்டும். லேகியத்தில் தேன் சேர்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகாது, பாட்டிமார் ஆசையாக நாக்கில் தடவினாலும் தடுக்கச் சொல்லுங்கள்.

"இயற்கையானதுதானே" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஈயமும் இயற்கைதான், மண்ணில் இருப்பதுதான். 2004-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் தெற்காசியாவிலிருந்து வந்த 70 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. இது மூலிகையின் குற்றமில்லை. மண், தூசி, மில், சமயத்தில் மனிதனின் பேராசை. வங்கதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் சேர்த்து வந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உங்கள் லேகியத்திலும் மஞ்சள் போகிறது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் வாங்கக் கை வருவதில்லை.

போத்தலில் ஒட்டுவது

ஒட்டக் கூடாது. தம்பி கொடுத்த 100 கிராமுக்கு உரிய தாள் அது. அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் "பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும் பொருந்தும்" என்று இருக்கும், பாருங்கள். அடுத்த மாதம் வேறு மூட்டைச் சீரகம், வேறு மழை, வேறு லாரி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதில் மாட்டினேன். ஒரு நிறுவனத்துக்கு வந்த சுக்கு மூட்டைகளில் மாதிரி எடுக்க என்னை அனுப்பினார்கள். வெயில், அவசரம். மூட்டை வாயைப் பிரித்து மேலாக ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். முடிவு படு சுத்தம். என் மேலாளர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய், அரிசிக் கடைக்காரர் வைத்திருப்பாரே, அந்தக் குத்தூசியை அதே மூட்டையின் அடியில் செருகி இழுத்தார். வந்த சுக்கு கறுத்துப்போய், ஈரமாக, முடைநாற்றத்தோடு இருந்தது. அதிலிருந்து எந்த அறிக்கையைப் பார்த்தாலும் முடிவுக்கு முன்னால் யார், எங்கிருந்து, எப்படி மாதிரி எடுத்தார்கள் என்றுதான் கேட்பேன்.

ஒட்டத்தான் வேண்டும் என்றால், அந்தப் போத்தல் எந்தத் தொகுதியைச் சேர்ந்ததோ அந்தத் தொகுதியின் எண்ணைப் போட்டு, அதற்குரிய அறிக்கையைக் கேட்பவருக்குக் காட்டுகிற நிலையில் இருக்க வேண்டும்.

வழித்தெடுத்த பூஞ்சை

அந்த இரண்டு போத்தலையும் குப்பையில் போடுங்கள். நெய்யும் கண்டந்திப்பிலியும் விற்கும் விலையில் மனசு வராதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை வெறும் மேல்பூச்சு, அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை விட்டுச்செல்லும். ஈரலைக் கெடுக்கும் நச்சு. மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறினால் பூஞ்சை சாகும், நச்சு சாகாது. சமையல் சூடெல்லாம் அதற்குப் போதாது.

மாமியார் காலத்து லேகியம் கெடவில்லையே என்று கேட்பீர்கள். அவர் நெய் பிரிந்து வரும்வரை கிளறியிருப்பார், மண் ஜாடியிலோ பீங்கானிலோ போட்டு ஒரு மாதத்தில் தீர்த்திருப்பார். நீங்கள் ஒரே நாளில் 30 போத்தல் கிளறுகிறீர்கள், கை வலிக்கிறது, கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடுகிறீர்கள். சூடு ஆறுமுன் மூடுகிறீர்கள், மூடியின் உட்புறம் வியர்க்கிறது. வெளியே சிங்கப்பூர்க் காற்று, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் ஊர். சோதனைக்கூடத்தில் "வாட்டர் ஆக்டிவிட்டி" பாருங்கள் என்று கேளுங்கள். லேகியத்தில் கிருமி பயன்படுத்திக்கொள்ளக்கூடிய தண்ணீர் எவ்வளவு மீதி என்று அது சொல்லும். 0.6-க்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. எளிய சோதனைதான், நீங்கள் செய்வதற்குள் உபயோகமானது இதுதான் என்பேன்.

இன்னொரு வேற்றுமையைக் கவனியுங்கள். லேகியம் பாகில் வெந்து வருகிறது. சூரணம் வேகவில்லை, லேசாக வறுபடுகிறது, அவ்வளவுதான். மிளகு போன்ற மசாலாச் சாமான்களில் சால்மொனெல்லா வருவது புதிதல்ல. உலர்ந்த பொருளில் அந்தக் கிருமி ஈரத்தில் இருப்பதைவிடச் சூட்டைத் தாங்கும். ஆக, ஜீரணத்துக்கென்று மோரில் கலந்து பச்சையாகக் குடிக்கும் சூரணத்துக்குத்தான் கிருமிச் சோதனை முக்கியம். உங்கள் அறிக்கையில் அதுவும் இல்லை.

வார்ஃபரின் சாப்பிடும் அப்பா

கொடுக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. வார்ஃபரினுக்கு மருந்தளவு நூலிழை மாதிரி, கொஞ்சம் கூடினால் இரத்தக்கசிவு, கொஞ்சம் குறைந்தால் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். சமையலில் விழும் இஞ்சி, பெருங்காயம் வேறு, அவற்றைச் செறிவாகத் தினம் இரண்டு வேளை உள்ளே தள்ளுவது வேறு. மிளகின் பிப்பரின் சில மருந்துகள் உடம்பில் ஏறும் அளவையே மாற்றிவிடும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதையும் மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லிவிட்டு, இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். லேகியத்தில் அதிமதுரம் சேர்ப்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் தினமும் சாப்பிடக் கூடாது. அது கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

அப்புறம், 72 வயதுக்காரருக்குப் புதிதாக அஜீரணம் என்றால் சூரணத்தைவிட மருத்துவரைத் தேடுவது நல்லது. எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது, மலம் கறுப்பாகப் போவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஓமம் ஏப்பத்தை அடக்கும், அடியில் இருக்கும் புண்ணை ஆற்றாது.

சட்டம் என்ன சொல்கிறது

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. இந்தியப் பாரம்பரிய மருந்துகளை விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. அதற்கு அர்த்தம் பொறுப்பு விற்பவர் தலையில் விழுகிறது என்பது. உலோகம் வரம்பை மீறினாலோ, ஸ்டீராய்டு மாதிரி ஆங்கில மருந்து கலந்திருந்தாலோ, ஆணையம் கடையிலிருந்து எடுத்துச் சோதித்து நடவடிக்கை எடுக்கும். அப்போது "எனக்குத் தெரியாது, தம்பி அனுப்பினான்" என்று சொல்லித் தப்ப முடியாது.

"சர்க்கரை குணமாகும்" என்று போட்டால் நேராக வம்பு. மருந்துச் சட்டத்தில் விளம்பரமே செய்யக் கூடாத 19 நோய், உடல்நிலைகள் பட்டியல் இருக்கிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், சிறுநீரக நோய், மலட்டுத்தன்மை எல்லாம் அதில் உண்டு. அல்சர் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் ஒரு நோயைக் குணமாக்கும் என்று எழுதிய நிமிடமே உங்கள் லேகியம் பலகாரக் கணக்கிலிருந்து மருந்துக் கணக்குக்கு மாறிவிடுகிறது. தோழிகளுக்கு நல்ல எண்ணம்தான், அபராதம் கட்டப்போவது அவர்கள் இல்லை.

உணவாக விற்றால் வேறு கணக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறிய அளவில் தின்பண்டம் செய்து விற்க சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை, சுத்தம், பாதுகாப்பு விதிகள் மட்டும் பொருந்தும். ஆனால் விற்பனைக்கென்று வெளிநாட்டிலிருந்து உணவுச் சாமான் கொண்டுவர உரிமமோ பதிவோ, அதோடு அனுமதியும் வேண்டும். ஊருக்குப் போய்வருபவர் பெட்டியில் ஐந்து கிலோ பொடி வருவது அந்த வழி இல்லை. உங்கள் ஏற்பாட்டில் எனக்குத் தெரிந்து பெரிய ஓட்டை இதுதான், நீங்கள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. சீட்டில் சேர்மானங்களை முழுதாக எழுதுங்கள். நெய் இருக்கிறது என்றால் பால் என்று தெரிய வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இனி

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சூரணத்தை விட்டுவிடுவேன். விற்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அது மருந்தாகவே வாங்கப்படும், தினமும் சாப்பிடப்படும், வேகாதது. ஒவ்வொரு தொகுதிக்கும் உலோகம், கிருமி, அஃப்ளாடாக்சின் என்று பார்த்தால் 30 போத்தல் லாபம் சோதனைக் கட்டணத்துக்கே போய்விடும். பார்க்காமல் விற்பதும் சரியில்லை.

லேகியத்தை வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகைப் பலகாரமாக. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் சிராங்கூன் ரோட்டிலும் தேக்காவிலும் முழுதாகவே கிடைக்கின்றன. முறையாக இறக்குமதி செய்தவரிடம் வாங்கி, ரசீதை வைத்துக்கொண்டு, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். அந்த மில்தான் காரணம் என்றால், பாதரசத் தொல்லை அதோடு போய்விடும். வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய தொகுதி என்று கிளறினால் சோதனைச் செலவும் தாங்கும். சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடமாகப் பார்த்து, கிளறி முடித்த லேகியத்தையே, இரண்டு மூன்று போத்தலிலிருந்து எடுத்துக் கொடுங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். நான்கு உலோகமும் பிபிஎம்மில் எண்ணாக வேண்டும், வெறும் "தேறியது" போதாது. மொத்தக் கிருமி, பூஞ்சை, ஈ.கோலை, சால்மொனெல்லா, அஃப்ளாடாக்சின், வாட்டர் ஆக்டிவிட்டி. வந்த ஈய எண்ணை ஓர் உருண்டையின் எடையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் மீதிப் பொடியை அடுத்த தொகுதியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும். செய்யாதீர்கள். இந்தத் தொகுதியில் வாங்கியவர்களுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்:

"வணக்கம். போன தொகுதிச் சூரணத்தைச் சோதித்ததில் பாதரசம் சிங்கப்பூர் வரம்பைவிட அதிகமாக இருந்தது. ஈயமும் எனக்குத் திருப்தியாக இல்லை. லேகியப் பொடியும் அதே மில்லில் அரைத்தது. தயவுசெய்து இரண்டையும் சாப்பிட வேண்டாம், போத்தலைக் கொண்டுவந்தால் பணம் தருகிறேன். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்."

முதலில் வார்ஃபரின்காரர் வீட்டுக்கும் அந்தக் கைக்குழந்தைக்காரிக்கும். அவர்களுக்குச் செய்தி அனுப்பினால் போதாது, போன் போட்டுப் பேசுங்கள்.